வெளிச்ச அளவு

"இந்த நானூற்றிருபது பச்சையா, வெளிச்சமா?" என்று கேட்டான் கட்டட மேஸ்திரி பிரேபென்.

டோர்தே வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன போட்டிருக்கு?"

"எண் மட்டும்தான் போட்டிருக்கு. பக்கத்துல வார்த்தையைக் காணோம். ஓவியக்காரங்க கையில பென்சிலைக் குடுத்தா இப்படித்தான்."

"சுவரை எழுப்பு பிரேபென். சுவருக்குச் சுவர் நானூற்றிருபது."

"அப்போ பச்சை."

"சுவரை எழுப்புன்னேன்."

"எழுப்பறேன், மகாராணி. எழுப்பினதும் உன்னோட சுங்கச்சாவடி ஜன்னல், கயிற்றுக்கடைப் பலகை, அந்தப் பீப்பாய் எல்லாம் வந்து அதுமேல ஒட்டிக்குமே. பக்கத்துக்கு நாற்பது போச்சுன்னா மிச்சம் முந்நூற்று நாற்பது. தீயணைப்புக்காரர் எதுக்குக் கையெழுத்துப் போட்டார்?"

"நானூற்றிருபதுக்கு."

"எந்த நானூற்றிருபதுக்கு?"

"அவர் கேக்கல."

"நான் கேக்கறேன்ல?"

"நீ எப்போலேர்ந்து தீயணைப்பு அதிகாரி ஆன?"

பிரேபென் சிரித்தான். "நான் எங்க ஆனேன், நான் வெறும் சிமெண்டு." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தான். "வார்த்தையை எழுதட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"வேண்டாம்."

பென்சில் மறுபடி காதுக்குப் போனது. அவன் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனான்.

இவ்வளவுதான் பேச்சு. இரண்டு நிமிடம்கூட இருக்காது. 1997 அக்டோபர், மழைவிட்ட ஒரு காலை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமும் டோர்தேயால் இதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை வரிசை பிசகாமல் சொல்ல முடிந்தது. சொல்வதற்குத்தான் ஆள் கிடையாது.

வெறும் சுவருக்குச் சுவர் அளப்பது பச்சை அளவு. பூச்சும் பலகையும் ஜன்னலும் எல்லாம் ஏறி முடிந்தபிறகு மனிதர் நடப்பதற்கு மிஞ்சுகிற இடைவெளி வெளிச்ச அளவு. தடையில்லாமல் வெளிச்சம் போய்வரக்கூடிய அகலம் என்று அதற்கு அர்த்தம். கட்டட வேலையில் முதல் வாரமே கற்றுக்கொள்கிற இரண்டு சொற்கள். எண்ணை எழுதும்போது இரண்டில் ஒன்றைப் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும்.

டோர்தே கட்டட வேலையிலிருந்து வந்தவள் அல்ல. வெண்ணெய்ப் பண்ணையில் வேலை பார்த்தவரின் மகள். ஓஹுஸ் நகரத்து நாடகக் கொட்டகையில் பன்னிரண்டு வருடம் திரைச்சீலை தீட்டிவிட்டு, யூட்லாந்தின் தெற்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டிய கடற்கரையில் இருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு முப்பத்திரண்டு வயதில் வந்தாள். முதலில் பேய்வீட்டு ரயிலுக்கு எலும்புக்கூடுகள் வரைந்தாள். பிறகு பூங்காவின் அலங்காரம் முழுவதும் அவள் கைக்கு வந்தது. கூடவே புது நுழைவாயிலும் வந்தது.

அதுவரை அங்கே இருந்தது ஒரு கம்பிக்கதவும் டிக்கெட் கொடுக்கும் பெட்டியும்தான். நுழைகிறவர்கள் ஊரையும் காரையும் வீட்டுச் சண்டையையும் வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்றாள் டோர்தே. பழைய துறைமுக ஊரின் தெரு ஒன்றை அவள் வரைந்தாள். சுங்கச்சாவடி, கயிற்றுக்கடை, மீன் புகைபோடும் கூடம், மருந்துக்கடை. மாடிகள் எல்லாம் பொய். முக்கால் அளவில் கட்டி, அண்ணாந்து பார்க்கும்போது உயரமாகத் தெரியும்படி ஏமாற்றுவது. சுங்கச்சாவடியின் ஜன்னல் தெருவுக்குள் பிதுங்கி நிற்கும். அதன் கீழே ஒரு ஹெர்ரிங் மீன் பீப்பாய். தெரு வளைந்து, இருண்டு, நெருக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று முடியும். எதிரே சதுக்கம், ராட்டினம், அதற்குப் பின்னால் கடல்.

அந்தச் சட்டென்றில்தான் எல்லாமே இருந்தது. 1996 குளிர்காலத்தில், பூங்கா மூடியிருந்தபோது, ராட்டினப் பெட்டிகளை வைக்கும் கொட்டகையில் மீன்கூடைகளை அடுக்கி, சாக்குத்துணி தொங்கவிட்டு, ஒரு பொய்த்தெருவை அமைத்தாள். கடைசியில் நீலம் தீட்டிய பெரிய படுதா. இருபது வேலையாட்களை அதில் நடக்கவிட்டாள். நாலேகால் மீட்டர் அகலம் வைத்தபோது பேசிக்கொண்டே நடந்தார்கள். மூன்று எண்பதில் குரல் தாழ்ந்தது. மூன்று நாற்பதில் தோளைக் குறுக்கிக்கொண்டு, பேச்சில்லாமல், ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். படுதாவின் முன்னால் வந்ததும் இருபது பேரும் மூச்சை வெளியே விட்டார்கள். அந்த மூச்சுச் சத்தம் அவளுக்குக் கைதட்டலைவிடப் பெரிதாகக் கேட்டது. நோட்டில் 340 என்று எழுதி வட்டம் போட்டாள்.

ஆனால் தீயணைப்பு அதிகாரி நாலு மீட்டருக்குக் குறையக் கூடாது என்றிருந்தார். ஆகவே அவள் வரைபடத்தில் 420 என்று எழுதி, வார்த்தையை விட்டுவிட்டாள். பொய் எழுதவில்லை. எழுதவேண்டியதை எழுதவில்லை.

1998 மே மாதம் தெரு திறந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. டோர்தே பல நாள் காலையில் சதுக்கத்து முனையில் ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்து, வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பத்து வாரங்கள் அவைதான். பத்தே வாரம்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, தொழிற்சாலைகளுக்கெல்லாம் விடுமுறை, பூங்காவில் நிற்க இடமில்லை. மதியம் இரண்டு மணிக்குமேல் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. சதுக்கத்தில் கூரை கிடையாது. ஜனங்கள் பிதுங்கிய ஜன்னல்களுக்கு அடியில் ஒதுங்கத் தெருவுக்குள் ஓடினார்கள். அந்தப் பக்கம் மூன்று பஸ்களில் வந்தவர்கள், அவர்களும் நனையாமலிருக்க, வாசலிலிருந்து தெருவுக்குள் நெருக்கினார்கள். இரண்டு கூட்டமும் சுங்கச்சாவடிக்கு எதிரே முட்டிக்கொண்டன. பீப்பாய் நகரவில்லை. பிள்ளைகள் உருட்டி விளையாடுகிறார்கள் என்று டோர்தேதான் அதைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லியிருந்தாள்.

பதினோரு பேருக்கு அடி. ஒரு சிறுமி இறந்துபோனாள். எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மன் ஊரிலிருந்து வந்த மெர்லே லோரென்சென், வயது ஒன்பது. அம்மா அவள் கையை விடவேயில்லை. விடாததால் எதுவும் மாறிவிடவில்லை.

டோர்தே ஓடிவந்தபோது மீட்புக்காரர்கள் ஜன்னலைக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டினால் சரியாது, திருகாணி கீழிருந்து மூன்றாவது சட்டத்தில் இருக்கிறது என்று கத்தினாள். கடப்பாரையை வாங்கித் தானே நெம்பினாள். கயிற்றுக்கடைப் பலகை எங்கே கழலும், பீப்பாயின் போல்ட் எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கால்மணி நேரத்தில் அந்த இடத்துச் சுவர் இரண்டு பக்கமும் மொட்டையாகிவிட்டது. அன்றைக்கு அவள் செய்தது ஆட்களை வெளியே எடுக்கத்தான். அதில் அவளுக்கே சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் பத்து நாள் கழித்து விசாரணைக்காரர்கள் வந்து டேப்பைப் பிடித்தபோது, மொட்டைச் சுவருக்கு மொட்டைச் சுவர் நானூற்றிருபது இருந்தது. வரைபடத்திலும் நானூற்றிருபது. இரண்டும் பொருந்துகின்றன என்று எழுதிக்கொண்டார்கள்.

"உங்க பக்கத்திலிருந்து சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை" என்றாள்.

பிரேபெனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். படத்தில் இருந்தபடி கட்டினேன் என்றான். அதுவும் உண்மைதான். புயல், எதிர்பாராத கூட்டம், யார்மீதும் குற்றமில்லை என்று அறிக்கை முடிந்தது. இலையுதிர் காலத்தில் அவன் எஸ்பியெர் பக்கம் கப்பல்துறை வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று உடைமாற்றும் அறை வாசலில் நின்று, "உன்னைக் கேட்டதுதான் தப்பு டோர்தே. கேக்காம எழுதியிருக்கணும்" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். 2011-ல் அவன் செத்துப்போனான் என்று யாரோ சொன்னார்கள். பெயர் எழுதாமல் ஒரு மலர்வளையம் அனுப்பினாள்.

தெருவை அடைத்துக் கிடங்காக்கிவிட்டு, வேறு பக்கத்தில் கண்ணாடி வைத்த சாதாரண வாசல் ஒன்றைக் கட்டினார்கள். டோர்தே வேலையை விடவில்லை. பூங்காமீது அவ்வளவு பற்று என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். வாசல் எதையும் அவள் மறுபடி வரையவில்லை. ஐஸ்கிரீம் கடைக்குப் பெயர்ப்பலகை, டிராகனுக்குச் செதில், கழிப்பறைக்கு அம்புக்குறி, இதெல்லாம் தீட்டினாள். மடக்கி வைக்கும் அளவுகோல் ஒன்று எப்போதும் மேலங்கிப் பையில் இருந்தது. கடையில் அலமாரிகளுக்கு நடுவே, மாதாகோவில் வாசலில், பள்ளிக்கூட நடையில், அவள் உதடு எதையோ முணுமுணுக்கும்.

"என்னத்தடி எண்ணறே?" என்று அவள் கணவன் ஆக்செல் ஒருமுறை கேட்டான்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை இவ்வளவு கவனமா எண்ணறவ நீ ஒருத்திதான்" என்று கிண்டல் செய்துவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பதினைந்து வருடம் பக்கத்தில் படுத்திருந்தவன், அது என்னவென்று தெரியாமலே மாரடைப்பில் போய்ச்சேர்ந்தான்.

மெர்லேயின் அம்மா கேசா லோரென்சென் வருடாவருடம் அந்தச் சனிக்கிழமை, பூங்கா திறப்பதற்கு முன்னால், பூவோடு வந்து பழைய வாசலில் நிற்பாள். யாராவது அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஒரு வருடம் ஆளில்லாமல் டோர்தே கொண்டுபோக வேண்டியதாயிற்று. கேசா கோப்பையை வாங்கிக்கொண்டு ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னாள். டோர்தேக்கு அந்த மொழி சரியாக வராது. அதில் 'கை' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. அது ஜெர்மனிலும் அவள் மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

2016-ல் பூங்கா கைமாறியது. புது முதலாளிகளுக்குத் துறைமுகத் தெரு வேண்டுமாம். சுவர்கள் நிற்கின்றன, அஸ்திவாரம் இருக்கிறது, மேலே அலங்காரத்தை மட்டும் ஏற்றினால் போதும். வேலையை ஜெர்மன் நிறுவனம் ஒன்று எடுத்தது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருத்தி வேண்டுமென்று ஹைக்கேயை வரைபட அறையில் சேர்த்தார்கள். எல்லைப்புறத்து ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வயது இருபத்தாறு, அதிகம் பேசமாட்டாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவள் கோப்போடு பெயிண்ட் கூடத்துக்கு வந்தாள்.

"உங்களைத் தொந்தரவு பண்ணலாமா?"

"உங்களையா? இந்தக் கூடத்துல எல்லாரும் 'நீ'தான். 'நீங்க'வெல்லாம் உங்க ஜெர்மன் பள்ளிக்கூடத்தோட."

ஹைக்கேக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி... ஆனா எனக்கு வராது."

"வராட்டி போ. என்ன வேணும்?"

"இந்த நானூற்றிருபது. அவங்க கேக்கறாங்க, இது வெளிச்ச அளவுதானேன்னு. அப்படின்னா பழைய ஜன்னலை இருந்தபடியே திரும்பச் செஞ்சுடுவாங்க."

டோர்தே தூரிகையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். பிறகு, "வெளிச்சம்" என்றாள்.

ஹைக்கே எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை அழகான சிறிய எழுத்தில் எழுதினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மறதியில் கோப்பு மேஜைமேலேயே தங்கிவிட்டது.

கோப்பின் அடியில் ஜெர்மன் பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது, பத்து வருட நினைவுநாளில் வந்தது. கேசாவின் படம். மறுநாள் காலை டோர்தே அதை எடுத்துக்கொண்டு வரைபட அறைக்குப் போனாள்.

"இதுல என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு."

ஹைக்கே முதலில் தனக்குள் படித்தாள். "அந்தம்மா சொல்றாங்க... மழை ஆரம்பிச்சதும் பொண்ணு ராட்டினத்துக்கிட்டயே நிக்கலாம்னு சொல்லியிருக்கா. நனைஞ்சா என்னம்மான்னு கேட்டாளாம். இவங்கதான் கையைப் பிடிச்சுத் தெருவுக்குள்ள இழுத்துட்டுப் போனாங்களாம்."

"அப்புறம்?"

"'நான்தான் அவளை அங்க கொண்டுபோய் விட்டேன். வேற யாரையும் நான் குத்தம் சொல்லல'ன்னு முடிச்சிருக்காங்க."

அன்று கேசா கைநீட்டி வாங்கிய காப்பிக் கோப்பையும், அந்த நீளமான வாக்கியமும், அதில் புரிந்த ஒரே சொல்லும் ஒன்றாக வந்து டோர்தேமேல் விழுந்தன.

"நேத்து எழுதின வார்த்தையை அடி" என்றாள்.

"எந்த வார்த்தை?"

"வெளிச்சத்தை அடி. அது பச்சை. வெளிச்சம் முந்நூற்று நாற்பது. அன்னைக்கும் முந்நூற்று நாற்பதுதான்."

ஹைக்கே பென்சிலை எடுத்து அடித்தாள். பிறகு மெதுவாக, "அது அப்பவே தெரியுமா?" என்றாள்.

"வா, மேலே போகலாம். ரெண்டாவது தடவை சொல்றதுக்கு எனக்குத் தெம்பிருக்காது. அங்கயே கேட்டுக்கோ."

மேலாளர் உல்ரிக் அறைக் கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார். பிரேபென் பென்சிலைக் காதில் வைத்ததுவரை டோர்தே சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"சொன்னதுக்கு நன்றி டோர்தே. உண்மையாவே. தெருவை அகலமாக்கிடலாம், இன்னைக்கே அவங்களுக்கு எழுதச் சொல்றேன். இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அந்தம்மாவுக்கு?"

"அவங்களுக்கு என்ன?"

"அவங்க இன்னும் தன்னாலதான்னு நெனைச்சுட்டிருக்காங்க."

உல்ரிக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சட்டப்படி காலம் தாண்டிப்போச்சு. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, கேஸ் கிடையாது, தண்டனை கிடையாது. இப்பப் போய்ச் சொல்லி அவங்களுக்கு என்ன ஆகப்போகுது? ஆறிப்போன புண்ணு."

"ஆறலையே. பத்திரிகையில போட்டிருக்கே."

"உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அமைதியா ஓய்வு வாங்கிட்டுப் போ. இந்த அறையில பேசினது இந்த அறையோட இருக்கட்டும்."

"பத்தொன்பது வருஷமா ஒரு அறையிலதான் இருக்கு" என்றாள் டோர்தே.

தண்டனை இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கீழே கழிப்பறைக் கதவில் அவளே தீட்டிய அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஹைக்கே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூடவே நின்றாள்.

கடிதம் எழுத ஒரு வாரம் ஆயிற்று. ஒரு பக்கம்தான். கொட்டகையில் அடுக்கிய மீன்கூடை, வட்டம் போட்ட எண், விட்டுப்போன வார்த்தை, ஜன்னலைத் தானே கழற்றியது, விசாரணையில் சொன்ன 'இல்லை'. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அதைக் கேட்க வாயில்லை என்றாள். ஹைக்கே அதை ஜெர்மனில் எழுதிக்கொண்டுவந்தாள். டோர்தே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புரியாத மொழியை வரிவரியாகத் தன் தாளோடு ஒத்துப்பார்த்தாள்.

"இங்க என் வரி குட்டியா இருக்கு. மூணே வார்த்தை. உன்னோடது ஏன் நீளமா இருக்கு?"

ஹைக்கே தாளை வாங்கக் கை நீட்டினாள்.

"என்ன சேர்த்த?"

"நீங்க 'எனக்கு அது தெரியும்'னு எழுதியிருந்தீங்க. நான் 'எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்'னு..."

"ஏன்?"

"வயசானவங்க. தனியா உக்காந்து படிப்பாங்க. கொஞ்சம் மெதுவா இருக்கட்டுமேன்னு."

"அவங்களுக்கு மெதுவாவா, எனக்கா?"

ஹைக்கேக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுதினாள். மூன்று வார்த்தைதான் வந்தது. உல்ரிக்கிடம் சொல்லாமல் ஊர்த் தபால்பெட்டியில் போட்டார்கள்.

ஐந்து வாரம் எதுவும் வரவில்லை. டோர்தே வேலைக்கு வந்தாள், போனாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ரொட்டியைப் பார்த்துவிட்டு, மூடிவைத்தாள். ஆறாவது வாரம் ஒரு அட்டை வந்தது. அதில் விலாசமும், ஞாயிற்றுக்கிழமை என்பதும், மூன்று மணி என்பதும் இருந்தன. அன்புள்ள என்றும் இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை. ஹைக்கே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோபமா இருக்காங்களா, இல்லையான்னே தெரியல" என்றாள்.

"தெரிஞ்சா மட்டும் போகாம இருந்துடுவமா?"

ஞாயிற்றுக்கிழமை ஹைக்கேயின் காரில் போனார்கள். எல்லை தாண்டியதும் வயல், காற்றாலைகள், செங்கல் வீடுகள், தூறல். டோர்தே சவ ஊர்வலத்துக்குப் போகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். வீட்டு எண்ணைக் கண்டுபிடித்து ஹைக்கே காரை நிறுத்தினாள். ஜன்னலில் வெள்ளைத் திரை லேசாக விலகி, திரும்ப விழுந்தது. உள்ளே யாரோ அவர்கள் வந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

டோர்தே கதவுக் கைப்பிடியில் கையை வைத்தாள். திறக்கவில்லை.

"ஹைக்கே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"உள்ள அந்தம்மா என்ன சொன்னாலும் அதை அப்படியே சொல்லு. அழுதா அழறாங்கன்னு எனக்கே தெரியும், அதை நீ சொல்ல வேண்டாம். ஆனா என்னைத் திட்டினா, எந்த வார்த்தையில திட்டினாங்களோ அதே வார்த்தையில சொல்லு. ஒண்ணுகூடக் குறைக்காத. என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திடாத."